ஐப்பசி பிறக்கும் முன்

திருத்தணியில் புயல், வெள்ளம் என்று பேச்செடுத்தால் "அதெல்லாம் மெட்ராஸ் பக்கம்ங்க" என்பார்கள். கடல் வெகுதூரம், ஊர் மேடு, பக்கத்திலேயே மலை. இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பி வீட்டில் ஒரு டார்ச்சுக்குக்கூட பேட்டரி போடாமல் இருக்கிறோமே, அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்து மேற்கே நகர்ந்தது. அதன் பாதையில் திருவள்ளூர் மாவட்டமும் இருந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை நோட்டு கிடையாது, கார்டு தேய்க்கும் இயந்திரமோ கரண்டும் சிக்னலும் இல்லாமல் செத்துக் கிடந்தது. பணம் வைத்திருந்தவர்களாலும் ஒரு கேன் தண்ணீர் வாங்க முடியவில்லை. புயல் அடித்தது சில மணி நேரம். குடும்பங்களைப் படுத்தியது அதற்குப் பிந்தைய நாட்கள். நம் பகுதியில் ஒரு வீடு தயாராக வேண்டியது முக்கியமாக அந்த நாட்களுக்குத்தான்.

நமக்கு வரும் தண்ணீர் நம் வானத்திலிருந்துதான் வரும் என்றும் இல்லை. ஆந்திராவில் பிறக்கும் லவா, குசா ஆறுகள் பள்ளிப்பட்டு அருகே கூடிக் கொசஸ்தலை ஆறாக ஓடுகின்றன. திருத்தணியை ஒட்டி வரும் நந்தியாறும் அதில்தான் சேர்கிறது. கடைசியில் எல்லாம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மேலே, சித்தூர் மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. அங்கே கனமழை பெய்து அணையில் உபரி நீர் திறந்தால் பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் முழுகும். நெடியம், சாமந்தவாடை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரிலும் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தவர்கள் ஊர் சுற்றி வரவேண்டியிருந்தது. இன்னும் கிழக்கே போனால் பிச்சாட்டூர் ஏரி திறந்து ஆரணியாற்றில் வெள்ளம் வந்து ஊத்துக்கோட்டை தரைப்பாலம் முழுகுவதும் இதே கதைதான். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைக்கோடு அன்றோடு மாறியது. ஆறு பழைய வழியிலேயே வருகிறது.

ஆகவே முதல் வேலை காசில்லாத வேலை. ஐப்பசி பிறந்ததும் தமிழ்ச் செய்தியோடு சித்தூர் மாவட்ட மழைச் செய்தியையும் பார்க்கத் தொடங்குங்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு தெரிந்த ஒருவராவது இருப்பார். நகரி, புத்தூர் பக்கத்தில் சொந்தம் இருந்தால் இன்னும் நல்லது. "அங்க மழை எப்படி மாமா?" என்று மாலையில் ஒரு போன் போட்டால் போதும், நம் வீட்டு வாசலில் வெயில் அடித்தாலும் மறுநாள் காலை ஆறு எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

வானிலை மையத்தின் நிற எச்சரிக்கைகளையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. "சிவப்புன்னாங்க, ஒரு தூறல்கூட இல்ல" என்று பேசுவதை ஒவ்வொரு வருடமும் கேட்கிறோம். எச்சரிக்கை மாவட்டத்துக்குச் சொல்வது, நம் தெருவுக்கு அல்ல. பெய்யாமல் போனால் நல்லது என்று எடுத்துவைத்த பையை மறுபடி பரணில் வைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டி, தாத்தா, பிள்ளைகள், எல்லோரும் இருக்க வேண்டும். பட்டியல் எழுதி அவசரப் பொருள் வாங்கிக் குவிப்பதை நான் முதல் படியாகச் சொல்லவே மாட்டேன். வாங்கிய பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தால், அவர் சென்னைக்கு வேலைக்குப் போயிருக்கும் நாளில் அது யாருக்கும் உதவாது.

முதல் கேள்வி: இந்த வீட்டில் தானாக எழுந்து நடக்க முடியாதவர் யார்? படுக்கையில் இருக்கும் மாமனார், நிறைமாத மகள், கைக்குழந்தை, கண் சரியாகத் தெரியாத பெரியம்மா என்று அவரவர் வீட்டுக்கு ஒரு விடை உண்டு. திட்டம் முழுவதும் அந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், எந்த வாகனம், யார் வீட்டுக்கு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஆறு நிமிடத்தில் வெளியேறக்கூடியவர்களை நினைத்துப் போட்ட திட்டம் அவரைக் கட்டிலிலேயே விட்டுவிடும்.

அடுத்து, தண்ணீர் வந்தால் எங்கே வரை வரும்? தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள். எந்த வருடம் ஏரி உடைந்தது, கலங்கல் வழிந்தால் எந்தத் தெரு வழியாக ஓடும், எந்த வீட்டுத் திண்ணை வரை ஏறியது என்று அவர்களுக்குத் தெரியும். புதிய மனைப்பிரிவில் வீடு கட்டியிருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உங்கள் மனை முன்பு வயலா, வாய்க்காலா, ஏரி உள்வாயா என்பது பத்திரத்தில் தெரியாது, பக்கத்து ஊர் விவசாயிக்குத் தெரியும்.

மலையடிவாரத்தை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் பிள்ளைகள். சரிவின் கீழே இருப்பவர்கள் தொடர்மழையில் பார்க்க வேண்டியவை: வழக்கமாகத் தெளிவாக வரும் ஊற்று கலங்கலாக வருவது, மரமோ கம்பமோ புதிதாகச் சாய்ந்திருப்பது, தரையிலோ தடுப்புச் சுவரிலோ புது விரிசல், மேலே கல் உருளும் ஓசை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இரவை வேறு வீட்டில் கழிக்க வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்பது இங்கே சொல்லக்கூடாத சொல்.

பிறகு கூடுமிடம். வீட்டுக்குள் இருக்க முடியாமல் போனால் தெருவில் எங்கே சேர்வது, தெருவிலும் முடியாவிட்டால் ஊரில் எங்கே சேர்வது என்று இரண்டு இடங்கள். பள்ளியிலிருந்து பிள்ளையை யார் அழைத்து வருவது, அவரும் வர முடியாவிட்டால் யார் என்று இரண்டு பெயர்கள். பிறகு வெளியூரில் ஒரு உறவினர், கோயம்புத்தூரோ பெங்களூரோ, எல்லோரும் தகவல் சொல்லும் புள்ளியாக இருக்க வேண்டும். புயல் அடித்த ஊருக்குள் ஒருவரையொருவர் அழைக்க முடியாதபோதும் வெளியூருக்கு ஒரு குறுஞ்செய்தி போய்விடும் வாய்ப்பு அதிகம். "நல்லா இருக்கோம், அக்கா வீட்டுல இருக்கோம்" என்று அத்தைக்கு ஒரு செய்தி போனால், அத்தை மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

எண்களைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். கைபேசிக்குள் மட்டும் இருக்கும் எண், சார்ஜ் போனால் போய்விடும். எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்சாரப் புகார் 1912, சமையல் எரிவாயுக் கசிவு 1906, பிள்ளைகளுக்கான உதவி 1098. இவற்றோடு உள்ளூர்க் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை, கிராம நிர்வாக அலுவலர், லைன்மேன், கேஸ் ஏஜென்சி ஆகியோரின் நேரடி எண்களையும் சேருங்கள். எல்லையோரக் கிராமங்களில் இது இன்னும் முக்கியம். கைபேசி சில நேரம் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். 108 அங்கேயும் ஆம்புலன்ஸ் எண்தான் என்பதால் அழைப்பு ஆந்திரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். எடுத்தவுடன் "தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு தாலுகா" என்று தொடங்கி, பிறகு ஊர், தெரு, அடையாளம் சொல்லப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். கதவுத் தாளில் வீட்டு முகவரியையும் எழுதி வையுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரி வாயில் வராது.

தண்ணீர், சோறு, வெளிச்சம்

இந்த மூன்றில் தண்ணீருக்கே முதலிடம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று. கழுவ, குளிக்க, கழிப்பறைக்கு வேறு தண்ணீர். புயல் எச்சரிக்கை வந்தவுடன், கரண்ட் இருக்கும்போதே, மேல்தொட்டி, குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். பல வீடுகளில் இதைக் கடைசியில் செய்கிறோம், அதற்குள் மின்சார வாரியமே பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிடுகிறது.

வெள்ளத்துக்குப் பின் கிணறும் போரும் சந்தேகத்துக்குரியவை. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் குடிக்கலாம். தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அதை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவிட வேண்டும். பழைய பிளீச்சிங் பவுடர் டப்பா காற்றுப் பட்டு வீரியம் இழந்திருக்கும், ஆகவே மழைக்காலத்துக்கு முன் புதிதாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.

உணவில் புதிதாக எதையும் தேட வேண்டாம். நம் பாட்டிமார் நீண்ட பயணத்துக்குக் கட்டிக்கொடுத்தவையே இதற்கும் சரி. அவல், பொரி, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், சத்துமாவு, வெல்லம், ரஸ்க், பால் பவுடர். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் வெறும் சோறு போதும். அவலைத் தண்ணீரில் ஊறவைத்து வெல்லம் போட்டால் அடுப்பே வேண்டாம். மாதச் சாமானோடு ஒரு பொருள் என்று சேர்த்து வந்தால் செலவு தெரியாது. பழையதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அந்த இடத்தில் புதியதை வையுங்கள். சித்திரை முதல் நாளும் புரட்டாசிக் கடைசி வாரமும் பார்வை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முதலாவது வெயிலுக்கு முன், இரண்டாவது மழைக்கு முன்.

எரிவாயு பற்றி ஒரு சொல். சிலிண்டர் இரண்டு இருந்தால் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், எந்த சுவிட்சையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. வெளியே வந்துதான் 1906-ஐ அழைக்க வேண்டும். 

வெளிச்சத்துக்கு டார்ச்சும் சார்ஜ் விளக்கும். மெழுகுவர்த்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன், காற்றில் திரைச்சீலை பற்றிக்கொள்ளும், குழந்தை தட்டிவிடும். பவர் பேங்க் ஒன்று முழுச் சார்ஜில். பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று இருந்தால் இணையம் போனபின்னும் செய்தி கேட்கலாம். ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளும் கடைகளும் அதைக் கண்டிப்பாக வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வைத்து ஓட்ட வேண்டும். மூடிய அறைக்குள் அதன் புகையில் இருக்கும் நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை நெசவாளர் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விசைத்தறி மோட்டாரும் அதன் ஒயரும் தரையை ஒட்டியே இருக்கின்றன. தறிக்கூடத்தில் தண்ணீர் வரும் என்று தோன்றிய நிமிடமே மெயினை இறக்கிவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்தபின் மெயினைத் தொடப் போகாதீர்கள். பாவு, நூல், முடித்த சேலை எல்லாம் மேல் பலகைக்கு. கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்வது தறிக்கு மட்டுமல்ல, எல்லா வீட்டுக்கும் உயிர்க் காப்பு. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு பை, ஒரு உறை

2015 வெள்ளத்தில் சென்னையில் உயிர் தப்பிய பல குடும்பங்கள் பிறகு மாதக்கணக்கில் அலைந்தது காகிதத்துக்காக. மதிப்பெண் சான்றிதழ், பத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் ஊறிக் கூழாகி, மறுபடி வாங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. தடித்த பிளாஸ்டிக் ஜிப் உறை ஒன்றில் எல்லா மூலப் பத்திரங்களும் இருக்கட்டும்: குடும்ப அட்டை, ஆதார், பட்டா, கிரயப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வாகன ஆர்.சி., நகைக்கடன் ரசீது. நகைக்கடன் ரசீதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை, நம் வீடுகளில் அதுவே பெரிய சொத்து. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, அந்த வெளியூர் அத்தைக்கும் அனுப்பிவிடுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அதில் இறக்கி வையுங்கள்.

பை பெரிதாக இருக்க வேண்டாம். பள்ளிப் பை ஒன்று போதும். ஆவண உறை, மூன்று நாள் மருந்து, மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ், ஒரு மாற்று உடுப்பு, துண்டு, நாப்கின், டார்ச், பவர் பேங்க், விசில், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காயத்துக்குக் கட்டும் துணி, பாட்டியின் கண்ணாடி, 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம். கைக்குழந்தை இருந்தால் அதன் பொருட்கள் தனிப் பை. வாசலுக்கு அருகே ஆணியில் மாட்டி வையுங்கள், பீரோவுக்குள் பூட்டாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் வீட்டில் கரண்ட் போனால் பயம் வரும். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். திருத்தணி வெயிலில் அறை வெப்பமே அதிகம் என்பதால், ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைத்து மூடினால் குளுமையாக இருக்கும். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் புயல் எச்சரிக்கை வந்த நாளே மருத்துவரிடம் கேட்டு, பாலம் முழுகும் முன் மருத்துவமனைக்குப் பக்கத்து உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

மாடு, ஆடு வளர்ப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நிலை வந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மேட்டுக்கு ஓட்டிப் போக முடியாவிட்டாலும் அவிழ்த்த மாடு நீந்திப் பிழைக்கும்.

நமக்கே உரிய இரண்டு ஆபத்துகள்

பேரிடர் என்றால் வெள்ளம் என்று நினைக்கிறோம். வருடத்துக்கு வருடம் தவறாமல் நம்மைத் தாக்குவது வெயில். கத்திரி நாட்களில் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும்போது வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வருகிறது. 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இங்கே புதுமை அல்ல. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை போட்ட வீட்டிலும் தறிக்கூடத்திலும் உள்ளே இன்னும் கூடுதல். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, மேலே தென்னங்கீற்று பரப்புவது, பகல் 12 முதல் 3 வரை வெளி வேலையை நிறுத்துவது ஆகியவை வீட்டுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை. மோரும் நீராகாரமும் கேழ்வரகுக் கூழும் நம்மிடம் உண்டு. ஓ.ஆர்.எஸ். கிடைக்காதபோது 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெறும் மயக்கம் இல்லை. 108-ஐ அழைத்துவிட்டு நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்து குளிர்விக்கத் தொடங்குவது தாமதம், குளிர்வித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் தெருவில் யார் யார் என்று தெரிந்து, கத்திரி நாட்களில் மதியம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதை வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பாக்கலாம்.

இரண்டாவது, கூட்டம். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வருகிறது. டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூஜை நடக்கும் திருப்படித் திருவிழாவுக்கும் அப்படித்தான். நம் ஊரின் பெருமை அது. அதே நாட்களில் உள்ளூர்க் குடும்பத்துக்கு வேறு கேள்வி எழுகிறது: அந்த நாளில் நெஞ்சுவலி வந்தால் நம் தெருவிலிருந்து எந்த வழியாக வெளியே போவது? போக்குவரத்து மாற்றத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மருந்தும் பாலும் இரண்டு நாள் முன்பே வாங்கிவைத்து, நோயாளி இருந்தால் மாற்று வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கூட்டத்துக்குள் போகிறீர்கள் என்றால் பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோர் கைபேசி எண் எழுதிய சீட்டு, காலையில் எடுத்த படம் உங்கள் கைபேசியில், பிரிந்தால் சேருமிடம் முன்பே பேசி வைத்தது, இவை போதும். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் கூடியவர்களின் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான். தோளோடு தோள் ஒட்டி, கை தூக்க முடியாத நிலை வரும் முன்பே ஓரமாக விலகிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் குத்துச்சண்டைக்காரர்போல நெஞ்சுக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல் அலையோடு சாய்ந்து ஓரத்துக்கு நகருங்கள். விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொள்ளுங்கள்.

மழையோடு பாம்பும் வரும் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளை நிரம்பினால் அது மேட்டைத் தேடும், மேடு என்பது நம் வீடு. கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், நேரே அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நம் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் ஏராளம். பாம்பைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். மந்திரிப்பவரிடம் போவது மருந்துக்குரிய நேரத்தைத் தின்றுவிடும்.

அரக்கோணமும் அடுத்த வீடும்

திருத்தணியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் அரக்கோணம். அதன் அருகே தக்கோலத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. ராஜாளி கடற்படை விமானதளமும் அரக்கோணத்தில்தான். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் முழுகியபோது விமானங்கள் இங்கிருந்துதான் பறந்தன. இவ்வளவு அருகில் இருந்தும், அவர்கள் போக வேண்டிய இடங்களின் பட்டியலில் நம் தெரு முதலில் இருக்காது. அடையாறும் கடலூரும் இருக்கும். 1995-இல் ஜப்பானின் கோபே நகரத்து நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அந்த நாட்டில் மீட்புப் படைக்குக் குறைவு ஏதும் இல்லை.

ஆகவே தெருவுக்கு ஒரு தாள் வேண்டும். யார் வீட்டில் நீளமான கயிறும் ஏணியும் இருக்கிறது, யார் டிராக்டர் வைத்திருக்கிறார், யார் செவிலியர், யார் எலக்ட்ரீஷியன், எந்த வீட்டுக்கு மொட்டைமாடி, எந்த வீட்டில் தூக்க வேண்டிய முதியவர். இதை எழுத ஒரு மாலை போதும். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் வீட்டையும் விட்டுவிடாதீர்கள், அந்தத் தாளில் அவர்கள் பெயரும் வேண்டும்.

திட்டம் போட்டபின் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு மாலை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இருட்டில் டார்ச்சை எடுத்து, பையை மாட்டிக்கொண்டு, தாத்தாவை அழைத்துக்கொண்டு கூடுமிடத்துக்கு வாருங்கள். டார்ச்சில் பேட்டரி இல்லை, கேட்டுச் சாவி எங்கே என்று தெரியவில்லை, தாத்தாவுக்குச் செருப்பு கிடைக்கவில்லை என்று மூன்று நான்கு குறை உடனே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அடுத்த முறை அவர்களே முன்னால் நிற்பார்கள்.

தரைப்பாலத்தைப் பற்றி வீட்டில் ஒரே சட்டம்: தண்ணீர் மேலே ஓடினால் கடப்பதில்லை. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி ஆழம் காரை மிதக்க வைக்கும். பாலத்தின் நடுவில் தளம் இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. பாலத்தில் நின்று வீடியோ எடுக்கும் இளைஞர்களைப் பெற்றோர்தான் தடுக்க வேண்டும், காவலர் ஒருவர் எல்லாப் பாலத்திலும் நிற்க முடியாது.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்போது பகலில் திரும்புங்கள். வாசலிலிருந்தே சுவர், கூரை, அறுந்த ஒயர் பார்த்துவிட்டு, கையில் கழியோடு நுழையுங்கள். நனைந்த வீட்டின் மெயினை எலக்ட்ரீஷியன் பார்த்தபின்தான் போட வேண்டும். துடைக்கத் தொடங்கும் முன் சேதத்தை அறை அறையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த ஆடு மாடு, இடிந்த சுவர், முழுகிய பயிர் எல்லாவற்றையும். கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும் நிவாரணக் கணக்கெடுக்க வரும்போது அந்தப் படங்களும் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு நகல்களும் கையில் இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் விட்டுப்போனால் திருத்தணி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான ரசீதை வாங்கி, அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.